ட்ரெய்லருக்குள் ஜெனரேட்டருக்கென்றே ஒரு தனி பிளக் பாயின்ட்

எங்களிடம் இருப்பது 24 அடி ட்ராவல் ட்ரெய்லர், உள்ளேயே சமைத்துத் தங்கும் வண்டி, 30 ஆம்ப் வகை. இங்கே டெக்சாஸில் இருந்துகொண்டு வருடத்துக்கு ஏழெட்டு முறை அதை ட்ரக்கில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவோம். 30 ஆம்ப் என்பது கேட்கப் பெரிதாகத்தான் இருக்கும், ஆனால் 120 வோல்ட்டில் கணக்குப் போட்டால் மொத்தமே 3600 வாட். ஊரில் 230 வோல்ட்டில் பழகிய நமக்கு, இங்கே அதே வாட்டுக்குக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு ஆம்ப் போகும் என்பது சட்டென்று உறைக்காது. கூரையில் இருக்கும் 13,500 பிடியு ஏசி மட்டுமே ஓடும்போது 13 ஆம்ப் அளவுக்கு எடுக்கும், வெந்நீர் டாங்கை கரண்டில் போட்டிருந்தால் இன்னொரு 12, பேட்டரி இறங்கியிருந்தால் அதை சார்ஜ் செய்யும் கன்வர்ட்டர் ஏழெட்டு. இதற்கு நடுவில் இண்டக்‌ஷன் அடுப்பில் குக்கரை ஏற்றினால் விசில் வருவதற்கு முன்பே மெயின் பிரேக்கர் விழுந்துவிடும்.

கரண்டே இல்லாத இடத்தில் நிறுத்தினால் சிக்கல் வேறு மாதிரி. நம்மில் பலர் வைத்திருப்பது கையில் தூக்கக்கூடிய சின்ன இன்வெர்ட்டர் ஜெனரேட்டர். ஹோண்டா இயு2200ஐ போன்ற ஒன்று 2200 வாட் என்று சொல்லப்பட்டாலும் தொடர்ந்து தருவது 1800 வாட்தான், அதாவது 15 ஆம்ப். ட்ரெய்லரின் பெரிய கேபிளையே அடாப்டர் போட்டு அதில் செருகினால் கன்வர்ட்டர், ஃப்ரிட்ஜ், வெந்நீர் டாங்க் எல்லாம் நம்மைக் கேட்காமலே கை நீட்டிவிடும். அரிசி வேகட்டும் என்றுதான் ஜெனரேட்டரை ஓட்டுவோம், ஓவர்லோடு விளக்கு சிவப்பாக எரிந்து எல்லாம் நின்றுபோகும்.

இதற்கு நான் செய்த வழி, ட்ரெய்லருக்குள் ஒரே ஒரு பிளக் பாயின்ட்டை வெளியில் இருக்கும் ஜெனரேட்டரிலிருந்து நேராக, வேறு எதையும் தொடாமல் கொண்டுவருவது. வெளிச்சுவரில் ஓர் இன்லெட், உள்ளே ஒரு சின்ன பிரேக்கர், அதற்கு அடுத்து பிளக் பாயின்ட். அவ்வளவுதான் இந்த வேலை, நிதானமாகச் செய்தால் ஒரு சனிக்கிழமை போதும், எனக்குச் சாமான் செலவு 100 டாலரை ஒட்டி வந்தது.

முதலில் ஒன்றை மனதில் நிறுத்திக்கொள்ளுங்கள்

இந்த லைன் ட்ரெய்லரின் பேனலுக்கு, அதாவது பிரேக்கர்கள் எல்லாம் இருக்கும் பெட்டிக்கு, போகவே கூடாது. ஏற்கெனவே சுவரில் ஒரு பிளக் பாயின்ட் இருக்கிறதே, அதிலேயே ஜெனரேட்டர் வயரைச் சேர்த்துவிட்டால் வேலை மிச்சம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். இன்லெட் என்பது வெளிச்சுவரில் பித்தளை முள் நீட்டிக்கொண்டிருக்கும் ஆண் பிளக். அதை பேனலோடு சேர்த்துவிட்டால், ட்ரெய்லரை கேம்ப்கிரவுண்ட் கரண்டில் செருகிய நொடியிலிருந்து அந்த முள்ளில் 120 வோல்ட் நிற்கும். மூடியைத் திறந்து பார்க்கும் குழந்தையின் விரல் உயரத்தில்தான் அது இருக்கும். இதே காரணத்தால்தான் இரண்டு முனையிலும் ஆண் பிளக் வைத்த வயரை எந்தக் காலத்திலும் செய்யக் கூடாது. தனி லைனாக இருந்தால் வெளியே ஜெனரேட்டர் வயரைச் செருகும்வரை அந்த முள் வெறும் உலோகம்.

தனி லைன் என்பதில் ஃபேஸ் மட்டுமல்ல, நியூட்ரலும் அடக்கம். பேனலில் இருக்கும் நியூட்ரல் பட்டையில் இந்த லைனின் வெள்ளை வயர் போய்ச் சேரக் கூடாது, இரண்டு வெவ்வேறு மூலங்களின் திரும்பு கரண்ட் ஒன்றோடொன்று கலந்தால் ஜிஎஃப்சிஐ, அதாவது கரண்ட் கசிந்தால் தானே துண்டிக்கும் பாதுகாப்பு, அடிக்கடி விழும், எந்த வயரில் எவ்வளவு கரண்ட் போகிறது என்பதும் தெரியாமல் போகும். எர்த் விஷயம் வேறு. ட்ரெய்லரின் உலோகச் சட்டத்தோடு எர்த் சேர்ந்தால் தவறில்லை. பச்சை சேரலாம், வெள்ளை சேரக் கூடாது என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வாங்க வேண்டியவை

மூடி போட்ட 15 ஆம்ப் இன்லெட் ஒன்று, மழைக்குத் தாங்கும் வகை. 20 ஆம்ப் இன்லெட்டும் கிடைக்கும், ஆனால் அதன் ஒரு முள் திரும்பியிருப்பதால் சாதாரண எக்ஸ்டென்ஷன் வயர் அதில் ஏறாது. கையில் இருக்கும் வயரே பொருந்தட்டும் என்றுதான் நான் 15 எடுத்தேன்.

கேபிள் 12 கேஜ் (எண் குறையக் குறைய வயர் தடிமன் கூடும்), உள்ளே கறுப்பு, வெள்ளை, வெறும் செம்பு மூன்றும் இருப்பது. வீட்டு வயரிங்குக்கு விற்கும் அந்த மஞ்சள் உறை கேபிள்தான். 15 ஆம்ப்புக்கு 14 கேஜ், அதாவது வெள்ளை உறை, போதும் என்பது சரியே. இருந்தாலும் சில அடி தூரத்துக்கு விலை வித்தியாசம் மிகக் குறைவு, நான் மஞ்சளையே சொல்வேன். ஆனால் இந்தக் கேபிள் ஈரத்துக்கு ஆகாது, ட்ரெய்லரின் அடியில் சாலைத் தண்ணீர் தெறிக்கும் இடத்தில் இழுக்கக் கூடாது. முழுக்க உள்ளேயே போக வேண்டும்.

அப்புறம் 15 ஆம்ப் பிரேக்கர், அது உட்காரச் சின்னப் பெட்டி. ஜெனரேட்டரிலேயே பிரேக்கர் இருக்கிறதே, இது எதற்கு என்று கேட்பார்கள். நாளை நீங்கள் பெரிய ஜெனரேட்டர் வாங்கி அதன் 30 ஆம்ப் பாயின்ட்டிலிருந்து அடாப்டர் போட்டுக் கொண்டுவந்தால் உங்கள் வயரைக் காப்பாற்ற ஒன்றும் இருக்காது. அதனால் இதை விடாதீர்கள்.

பிளக் பாயின்ட் ஜிஎஃப்சிஐ வகையாகத்தான் இருக்க வேண்டும். போகிற கரண்டுக்கும் திரும்புகிற கரண்டுக்கும் 5 மில்லி ஆம்ப் அளவுக்கு வித்தியாசம் வந்தாலே அது துண்டித்துவிடும். ஈரக் கையோடு மிக்ஸியைத் தொடும் இடத்தில் இதைவிடப் பெரிய காவல் கிடையாது. இவற்றோடு பிளாஸ்டிக் பாக்ஸ், கேபிள் கிளாம்ப், ஸ்டேப்பிள், தண்ணீர் புகாமல் அடைக்கும் பசை போன்ற பியூட்டைல் டேப், சுவருக்கான வழியாத சீலன்ட், மல்டிமீட்டர், வட்ட ஓட்டை வெட்டும் ஹோல்சா.

இடம் பார்ப்பது

வேலையில் பாதி இதுதான். வெளியே இன்லெட் எங்கே, உள்ளே பாயின்ட் எங்கே என்று இரண்டையும் ஒன்றாக யோசிக்க வேண்டும். சாப்பாட்டு மேஜை பெஞ்சுக்கு அடியிலோ, சமையல் மேடைக்குக் கீழே இருக்கும் அலமாரியிலோ சுவரின் பின்பக்கத்தைக் கண்ணால் பார்க்க முடிகிற இடமாக எடுங்கள். எங்கள் ட்ரெய்லரில் பெஞ்சின் அடியில்தான் போட்டேன், இன்லெட்டிலிருந்து பாயின்ட்டுக்கு ஐந்தடிகூட வரவில்லை.

ட்ரெய்லர் சுவர் வீட்டுச் சுவர் அல்ல. உட்பக்கம் பிஸ்கட் தடிமனில் ஒரு பிளைவுட், நடுவில் ஒன்றரை அங்குலச் சட்டம், வெளியே அலுமினியத் தகடு அல்லது ஃபைபர் கிளாஸ். ஜிஎஃப்சிஐயின் உடம்பு தடியானது, கடையில் விற்கும் வீட்டு பாக்ஸ் இந்தச் சுவருக்குள் இறங்கவே இறங்காது. அதனால் பாயின்ட்டைச் சுவரில் போடாமல் பெஞ்சின் பக்கப் பலகையில் போடுங்கள், பின்னால் தாராளமாக இடம் இருக்கும். பாக்ஸின் பின்பக்கத்தைச் சாமான் இடிக்காதபடி ஒரு பலகைத் துண்டு அடித்து மறைத்தேன், அதையும் செய்துவிடுங்கள்.

ஓட்டை போடுவது

ட்ரெய்லரின் கேபிளைப் பிடுங்குங்கள், பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள், சோலார் இருந்தால் அதையும் துண்டியுங்கள், கேஸ் சிலிண்டரை மூடுங்கள். சுவருக்குள் 12 வோல்ட் வயர் கட்டும் தண்ணீர்க் குழாயும் எங்கே ஓடுகிறது என்று ஃபேக்டரியில் போட்டவருக்குத்தான் தெரியும்.

நேரே பெரிய ஓட்டை போடாதீர்கள். உள்பக்கமிருந்து முதலில் கால் அங்குலத்துக்கு ஒரே ஒரு சின்ன ஓட்டை, அதுவும் பிளைவுட்டில் மட்டும். பிறகு துணி மாட்டும் கம்பி ஹேங்கரை வெட்டி, நுனியில் டேப் சுற்றி, இரண்டு அங்குலம் வளைத்து அந்த ஓட்டைக்குள் விட்டு மெதுவாகச் சுற்றுங்கள். சட்டத்தில் இடித்தால் டக்கென்று கையில் தெரியும். வயர் பட்டால் மெத்தென்று நகரும். தெர்மோகோல் என்றால் கரகரவென்று இழுக்கும். இப்படித் தடவிப் பார்த்தபோது நான் முதலில் குறித்த இடத்தில் ஏதோ நகர்ந்தது, பிளைவுட்டைக் கொஞ்சம் வெட்டிப் பார்த்தால் பின்பக்க விளக்குகளுக்குப் போகும் வயர் கட்டு. நாலு அங்குலம் தள்ளிப் போனேன். இடம் சுத்தம் என்று தெரிந்த பிறகுதான் வெளித் தகடு வரை துளையை நீட்டி, வெளியே போய், மாஸ்கிங் டேப் ஒட்டி, இன்லெட் அட்டைப் பெட்டியில் வரும் அளவுத்தாளை வைத்து ஹோல்சாவை ஓட்ட வேண்டும். டேப் இருந்தால் பெயின்ட் பெயராது.

வெளித் தகட்டில் சின்ன இடைவெளிகூட விடாமல் இன்லெட்டின் பின்னால் பியூட்டைல் டேப் சுற்றிவர ஒட்டி, ஸ்குரூவை இறுக்கினால் ஓரத்தில் பிசுபிசுவென்று பிதுங்கி வரும். வந்தால் நல்லது. அதை வழித்துவிட்டு மேல் ஓரத்திலும் இரண்டு பக்கமும் சீலன்ட் போடுங்கள், கீழ் ஓரத்தை விட்டுவிடுங்கள், உள்ளே போன தண்ணீர் வெளியேற அது வழி. குளியலறை சிலிக்கானைத் தொடாதீர்கள், பின்னால் ஒருநாள் திரும்பப் பூச வேண்டி வந்தால் அதன் மேல் எதுவும் ஒட்டாது. ட்ரெய்லரைக் கொல்வது கரண்ட் அல்ல, தண்ணீர்தான், இரண்டு வருடம் கழித்துச் சட்டம் இற்றுப்போன பிறகே தெரியவரும்.

வயரிங்

இந்தியாவில் வயரிங் வேலை தெரிந்தவர்கள் இந்த இடத்தில் நின்று படியுங்கள். நம் ஊரில் கறுப்பு என்றால் நியூட்ரல். அமெரிக்காவில் கறுப்பு என்றால் ஃபேஸ், வெள்ளைதான் நியூட்ரல், பச்சை அல்லது வெறும் செம்பு எர்த். கை பழக்கத்தில் மாற்றிக் கொடுத்தால் பாயின்ட் வேலை செய்யும், அதுதான் ஆபத்தே, எல்லாம் சரியாக இருப்பதுபோல் தோன்றும். திருகாணி நிறத்தைப் பாருங்கள்: பித்தளை நிறத்துக்குக் கறுப்பு, வெள்ளி நிறத்துக்கு வெள்ளை, பச்சைக்குச் செம்பு.

இன்லெட்டிலிருந்து வரும் கறுப்பு வயர் பிரேக்கருக்குள் போகிற வழிக்கு, பிரேக்கரிலிருந்து வெளிவரும் கறுப்பு பாயின்ட்டுக்கு. வெள்ளை, பெட்டியில் இருக்கும் நியூட்ரல் முனையைத் தொட்டுக்கொண்டு நேராகப் போய்விடும். சில பிரேக்கர் பெட்டிகளோடு ஒரு பச்சைத் திருகாணியோ செம்புப் பட்டையோ தனியாகத் தருவார்கள், நியூட்ரலைப் பெட்டியின் உடம்போடு சேர்ப்பதற்கு. அது வீட்டு மெயின் பெட்டிக்கு உரியது. இங்கே அதைப் போடாதீர்கள், ஏற்கெனவே போட்டு வந்திருந்தால் கழற்றிவிடுங்கள். பெட்டி உலோகமாக இருந்தால் அதன் உடம்பில் எர்த் மட்டும் சேர வேண்டும்.

ஜிஎஃப்சிஐயின் பின்பக்கம் இரண்டு ஜோடித் திருகாணிகள் இருக்கும், ஒன்று கரண்ட் வருவதற்கு, இன்னொன்று அங்கிருந்து வேறு பாயின்ட்டுக்குக் கொண்டுபோவதற்கு. வருகிற ஜோடியில் மட்டும் மாட்டுங்கள், இன்னொரு ஜோடியின் மேல் ஒட்டியிருக்கும் மஞ்சள் டேப்பை உரிக்கவே வேண்டாம்.

செருகினால் பிடித்துக்கொள்ளும் பின்துளை சில பாயின்ட்டுகளில் இருக்கும், அதை நம்பாதீர்கள். ட்ரெய்லர் ஓடுகிற ஒவ்வொரு மைலிலும் நிலநடுக்கம் மாதிரிதான் ஆடும். வயரை வளைத்துத் திருகாணியைச் சுற்றி, இறுகும் திசையிலேயே கொக்கி போட்டு முறுக்குங்கள், பிறகு ஒவ்வொரு வயரையும் பிடித்து இழுத்துப் பாருங்கள். கேபிளை பாக்ஸிலிருந்து 8 அங்குலத்துக்குள் ஒரு ஸ்டேப்பிள், அதற்கப்புறம் நாலரை அடிக்கு மிகாமல் ஒவ்வொன்று என்று அடித்துக்கொண்டே போங்கள். ஸ்டேப்பிள் உறையை நசுக்கக் கூடாது, பிடித்தால் போதும். சட்டத்தின் உலோக ஓரத்தைத் தாண்டும் இடத்தில் ரப்பர் வளையம் போடுங்கள்.

கரண்ட் கொடுப்பதற்கு முன்

பாக்ஸை மூடாமல் மல்டிமீட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். பிரேக்கரை ஆன் செய்துவிட்டு, இன்லெட்டின் ஒவ்வொரு முள்ளிலிருந்தும் ஜிஎஃப்சிஐயின் பின்பக்கத் திருகாணிக்குத் தொடர்பு இருக்கிறதா என்று பாருங்கள். முன்பக்க ஓட்டையில் பார்க்காதீர்கள், இப்போது வரும் ஜிஎஃப்சிஐகள் பல கரண்ட் வரும்வரை துண்டித்த நிலையிலேயே இருக்கும், வயரிங் தவறோ என்று வீணாகக் குழம்புவீர்கள். கறுப்புக்கும் வெள்ளைக்கும் தொடர்பு இருக்கக் கூடாது, கறுப்புக்கும் எர்த்துக்கும் கூடாது, வெள்ளைக்கும் எர்த்துக்கும் கூடாது. கடைசியாக, இந்த வெள்ளைக்கும் ட்ரெய்லரின் வேறு ஏதாவது பிளக் பாயின்ட்டின் நீளமான ஓட்டைக்கும் பாருங்கள். அங்கேயும் மீட்டர் சத்தம் போடக் கூடாது. போட்டால் எங்கேயோ சேர்ந்திருக்கிறது, கண்டுபிடிக்காமல் மேலே போக வேண்டாம்.

ஜெனரேட்டரை ஓட்டிப் பார்க்கும்போது

மூன்று விளக்கு டெஸ்டரை பாயின்ட்டில் செருகினால் எர்த் இல்லை என்று காட்டலாம். பயப்பட வேண்டாம், நானும் முதல் நாள் எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்தேன். சின்ன இன்வெர்ட்டர் ஜெனரேட்டர்கள் பலவற்றில் நியூட்ரலையும் எர்த்தையும் உள்ளே இணைத்திருக்க மாட்டார்கள். வீட்டில் மெயின் பேனலில் அந்த இணைப்பு இருக்கும், டெஸ்டர் அதை நம்பித்தான் வேலை செய்கிறது. மீட்டரில் பார்த்தால் ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் 120 காட்டும், ஃபேஸுக்கும் எர்த்துக்கும் 60 போல ஏதோ காட்டும்.

இந்த நிலையில் டெஸ்டரில் இருக்கும் ஜிஎஃப்சிஐ பொத்தானை அழுத்தினாலும் பாயின்ட் துண்டிக்காது, ஏனென்றால் அது ஃபேஸிலிருந்து எர்த்துக்குக் கரண்டை ஓடவிட்டுப் பார்க்கிறது, திரும்பி வர வழி இல்லை. பாயின்ட்டின் முகத்திலேயே இருக்கும் டெஸ்ட் பொத்தான் எர்த்தை நம்பாமல் வேலை செய்யும், அதை அழுத்துங்கள், டக்கென்று விழ வேண்டும். அதுவும் விழாவிட்டால் பாயின்ட்டை மாற்றுங்கள்.

நியூட்ரலையும் எர்த்தையும் இணைக்க வேண்டுமென்றால் அதை ஜெனரேட்டரில்தான் செய்ய வேண்டும், ட்ரெய்லருக்குள் அல்ல. இதற்கென்று உள்ளே வெள்ளி நிறத் திருகாணிக்கும் பச்சைக்கும் சின்ன வயர் போட்ட பிளக் கிடைக்கிறது, ஜெனரேட்டரின் காலியான இன்னொரு பாயின்ட்டில் செருகிவிட வேண்டும். உங்கள் ஜெனரேட்டரின் கையேட்டைப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள், ஏற்கெனவே உள்ளே இணைத்து ஜிஎஃப்சிஐயும் வைத்த மாடல் என்றால் இதைச் செருகியதும் துண்டித்துவிடும். அந்தப் பிளக்கில் ஜெனரேட்டர் மட்டும் என்று பெரிதாக எழுதி ஒட்டிவையுங்கள், வீட்டுச் சுவரில் யாரும் செருகிவிடக் கூடாது.

ஜெனரேட்டர் நிற்கும் இடம் குறைந்தது 20 அடி தள்ளி, புகை ட்ரெய்லருக்கு எதிர்ப்பக்கம் போகும்படி. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தலைவலி என்று படுத்தவர் எழுந்திருக்காமலே போன குடும்பங்கள் உண்டு. ட்ரெய்லருக்குள் இருக்கும் அலாரத்தின் பின்னால் காலாவதித் தேதி போட்டிருக்கும், இன்றைக்கே கழற்றிப் பாருங்கள். இந்தத் தூரத்துக்கு 25 அடி 12 கேஜ் வெளிப்புற வயர் சரியாக இருக்கும். மெல்லிய 16 கேஜில் 50 அடி இழுத்து 12 ஆம்ப் ஓட்டினால் வயரிலேயே ஐந்து வோல்ட் அளவுக்குக் காணாமல் போகும், அத்தனையும் சூடாக மாறும், சுருட்டி வைத்திருந்தால் கை வைக்க முடியாது.

எதை ஓட்டலாம்

1800 வாட்டை முழுதும் பிழியாமல் 1400 வாட்டுக்குள் நிற்பது நல்லது, நீண்ட நேரம் ஓடும் சாமானுக்கு 15 ஆம்ப் லைனில் 12 ஆம்ப்தான் கணக்கு. இண்டக்‌ஷன் அடுப்பின் உச்ச அளவு 1800, அதை 1300க்கு இறக்கி வைத்துக் குக்கர் ஏற்றுகிறோம், மூன்று விசிலுக்குச் சில நிமிடம் கூட ஆகும், அவ்வளவுதான். அடுப்பு இறங்கிய பிறகு 550 வாட் மிக்ஸியில் சட்னி. இரண்டும் சேர்ந்து ஓடாது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். மலைப் பகுதிக்குப் போனால் ஒவ்வொரு ஆயிரம் அடிக்கும் ஜெனரேட்டர் தன் சக்தியில் மூன்று நான்கு சதவீதம் இழக்கும், 8,000 அடியில் முகாம் போட்டால் அதையும் கழித்துக்கொள்ளுங்கள். தேசியப் பூங்காக்களில் 50 அடி தூரத்தில் 60 டெசிபலுக்கு மேல் சத்தம் வரக் கூடாது என்பது விதி, முகாமைப் பொறுத்து ஓட்டும் நேரத்துக்கும் கட்டுப்பாடு உண்டு, அதனால் இரவுச் சாப்பாட்டை முன்னாலேயே முடித்துவிடுவோம்.

கரண்ட் உள்ள கேம்ப்கிரவுண்டிலும் இந்த லைன் வீணாகாது. கம்பத்தில் 30 ஆம்ப் பாயின்ட்டுக்குப் பக்கத்தில் பெரும்பாலும் தனியாக ஒரு 20 ஆம்ப் பாயின்ட் இருக்கும். பெரிய கேபிள் அதில், நம் எக்ஸ்டென்ஷன் வயர் இதில். ஏசி அந்தப் பக்கம், அடுப்பு இந்தப் பக்கம். நியூட்ரலையும் எர்த்தையும் இணைக்கும் அந்தப் பிளக்கை மட்டும் அப்போது பெட்டியிலேயே விட்டுவிடுங்கள், அது ஜெனரேட்டருக்கு மட்டும்.

பாயின்ட்டின் மேல் ஒரு ஸ்டிக்கர் ஒட்டுங்கள், "தனி லைன், வெளி இன்லெட்டிலிருந்து வருகிறது" என்று, அதை இங்கிருக்கும் மெக்கானிக்கும் படிக்கும்படி ஆங்கிலத்திலும் எழுதுங்கள். ட்ரெய்லரின் மெயினை அணைத்துவிட்டுக் கை வைப்பவருக்கு இந்தப் பாயின்ட்டில் மட்டும் கரண்ட் இருக்கும் என்பது தெரிய வேண்டும்.

வயரை உரிப்பதும் மீட்டர் பிடிப்பதும் இதுவே முதல் தடவை என்றால், ஓட்டை போட்டு, கேபிள் இழுத்து, ஸ்டேப்பிள் அடிப்பது வரை நீங்கள் செய்யுங்கள், இணைப்புகளை மட்டும் லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள். முதல் பயணம் போய் வந்ததும் வயரைப் பிடுங்கி, பாக்ஸைத் திறந்து எல்லாத் திருகாணியையும் ஒருமுறை தொட்டுப் பாருங்கள். எங்களுடையதில் 600 மைல் போய் வந்த பிறகு வெள்ளி நிறத் திருகாணி ஒன்று கால் சுற்று இறங்கியது.